ஸ்டோன்ஹெஞ்சே ஹெஞ்ச் இல்லையாம்: ஒரு சொல் வந்த வழி

தெற்கு இங்கிலாந்தில் பெரிய கற்கள் வட்டமாக நிற்கும் தொல்லிடமான ஸ்டோன்ஹெஞ்ச், 2024 ஆகஸ்டில் மறுபடியும் செய்தியில் அடிபட்டது. அதன் நடுவே விழுந்து கிடக்கும் ஆறு டன் எடையுள்ள 'பலிபீடக் கல்' வேல்ஸிலிருந்து வந்தது என்றுதான் நூறாண்டாக நம்பியிருந்தார்கள். கல்லிலுள்ள கனிமத் துகள்களின் வயதை அளந்து பார்த்தபோது, அது ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, சுமார் 750 கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறது என்று தெரிந்தது.

இப்படி ஒவ்வொரு முறை ஸ்டோன்ஹெஞ்ச் செய்தியாகும்போதும் கூடவே ஒரு குழப்பமும் வருகிறது. ஒரு கட்டுரை அதை உலகிலேயே புகழ்பெற்ற ஹெஞ்ச் என்கிறது. இன்னொரு கட்டுரை, கறாராகப் பார்த்தால் அது ஹெஞ்சே இல்லை என்கிறது. ஹெஞ்ச் என்ற சொல்லே ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து எடுத்ததுதான் என்று மூன்றாவது கட்டுரை சொல்லும். மூன்றுமே ஏறக்குறைய சரி. அது எப்படி என்று பார்க்க, முதலில் தொல்லியலில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லைப் பார்க்காதீர்கள், பள்ளத்தைப் பாருங்கள்

ஹெஞ்ச் என்றதும் மனதில் வருவது வட்டமாக நிற்கும் பெரிய கற்கள். தொல்லியலில் இந்தச் சொல்லுக்குக் கல் தேவையே இல்லை. வேண்டியவை இவைதான்:

1. ஏறக்குறைய வட்டமான, தட்டையான ஒரு நிலப்பரப்பு. குறுக்களவு 20 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.
2. அதைச் சுற்றித் தோண்டிய ஒரு பள்ளம்.
3. தோண்டிய மண்ணைப் பள்ளத்துக்கு வெளிப்பக்கம் கொட்டி எழுப்பிய கரை.
4. உள்ளே போக ஒன்று, இரண்டு அல்லது நான்கு வாசல்கள்.

உள்ளே கல்வட்டம் இருக்கலாம், மரத்தூண்கள் இருக்கலாம், கல்லறை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இவை பிரிட்டனிலும் அயர்லாந்திலும்தான் உண்டு. காலம், புதிய கற்காலத்தின் பிற்பகுதி: கி.மு. 3000ஐ ஒட்டித் தொடங்கி ஓராயிரம் ஆண்டு. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 80 ஹெஞ்சுகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது புள்ளிதான் விசித்திரமானது. எந்தக் கோட்டையிலும் அகழி வெளியே இருக்கும், மதில் உள்ளே இருக்கும். வருகிற எதிரி முதலில் அகழியில் இறங்க வேண்டும், அதிலிருந்து ஏறும்போது மேலிருந்து அடி வாங்க வேண்டும். ஹெஞ்சில் இது தலைகீழ். கரை வெளியே, பள்ளம் உள்ளே. கரையில் ஏறி நிற்பவன் எதிரியாக இருந்தால் அவன்தான் மேட்டில் இருப்பான், உள்ளே இருப்பவர்கள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே இது பாதுகாப்புக்காகக் கட்டியது இல்லை என்பதில் பெரிய சர்ச்சை கிடையாது.

அப்படியானால் எதற்கு? கரை, உள்ளே நடக்கும் சடங்கைச் சுற்றி நின்று பார்க்கும் மேடை என்று ஒரு விளக்கம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சக்தி வெளியே வந்துவிடாமல் தடுக்கும் வேலி என்று இன்னொன்று. இரண்டையும் நிரூபிக்க வழியில்லை. முதல் விளக்கத்தின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு என்றால் அதற்குக் காரணம் மாம்பரி ரிங்ஸ். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், டார்செஸ்டர் ஊரில் இருக்கும் ஹெஞ்ச் இது. கற்கால மனிதர் விட்டுப் போன கரையைப் பார்த்த ரோமானியர்கள், அதை அப்படியே எடுத்து உட்புறத்தை ஆழப்படுத்தித் தங்கள் வட்டரங்கமாக மாற்றிக்கொண்டார்கள். சுற்றி உட்கார்ந்து நடுவில் பார்ப்பதற்கு அந்த அமைப்பு எவ்வளவு தோதாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கற்காலத்தவர் அதற்காகத்தான் கட்டினார்கள் என்று அதனால் ஆகிவிடாது, அது வேறு விஷயம்.

பள்ளம் என்றால் ஏதோ வரப்போர வாய்க்கால் என்று நினைத்துவிட வேண்டாம். வில்ட்ஷயரில் உள்ள ஏவ்பரி ஹெஞ்சின் பள்ளம் தோண்டியபோது ஏறக்குறைய 9 மீட்டர் ஆழம், மூன்று மாடி உயரம். மண்ணும் இல்லை, சுண்ணாம்புப் பாறை. இரும்பு அப்போது கிடையாது. செம்மானின் கொம்பை உடைத்து, ஒரு கிளையை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினால் கைக்கு அடக்கமாக ஒரு பிக்காசு கிடைக்கும். அதைப் பாறை வெடிப்பில் செருகி நெம்பி, பெயர்த்த கட்டிகளை மேலே சுமந்து கொண்டுபோய்க் கொட்டினார்கள். தேய்ந்துபோன கொம்புகளைப் பள்ளத்திலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பல ஹெஞ்சுகளின் வயதை இன்று நம்மால் சொல்ல முடிவது அந்தக் கொம்புகளின் புண்ணியத்தில்தான்.

ஸ்டோன் சரி, ஹெஞ்ச் எது?

இப்போது சொல்லுக்கு வருவோம். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பெயர் எழுத்தில் முதலில் தென்படுவது 1130ஐ ஒட்டி. ஹென்றி ஆஃப் ஹன்டிங்டன் என்ற பாதிரியார் இங்கிலாந்தின் வரலாற்றை லத்தீனில் எழுதும்போது, நாட்டின் அதிசயங்களில் ஒன்றாக 'ஸ்டனெங்கெஸ்' என்று ஓர் இடத்தைக் குறிப்பிடுகிறார். அங்கே பெரிய கற்கள் வாசலைப் போல நிறுத்தப்பட்டிருக்கின்றன, வாசலுக்கு மேல் வாசல் வைத்தாற்போலத் தெரிகிறது என்கிறார். இதை எப்படிச் செய்தார்கள், எதற்காக அங்கே கட்டினார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

பெயரின் முதல் பாதியில் சிக்கல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்' என்றால் கல். இரண்டாம் பாதிக்குத்தான் விளக்கங்கள் பல:

1. தொங்குதல். ஆங்கிலத்தில் தொங்கு என்பதற்கான 'ஹேங்' என்ற வினையின் பழைய வடிவம். தூண்களின் மேல் குறுக்காகக் கிடக்கும் கற்கள் அந்தரத்தில் தொங்குவதாக மக்கள் பார்த்திருக்கிறார்கள். 1740இல் ஸ்டோன்ஹெஞ்சைப் பற்றி நூல் எழுதிய வில்லியம் ஸ்டூக்லி இந்தப் பக்கம்தான். யார்க்ஷயர் மக்கள் துருத்தி நிற்கும் பாறைகளை 'ஹெஞ்ச்' என்று சொல்வதையும் அவர் சான்றாகக் காட்டினார்.
2. கதவுக் கீல். ஆங்கிலத்தில் கீலுக்கு 'ஹிஞ்ச்' என்று பெயர். கதவு கீலில் பொருந்துவதுபோல உத்தரக்கல் தூணில் பொருந்தியிருக்கிறது என்பது வாதம்.
3. தூக்குமரம். இன்று தூக்குமரம் என்றால் ஒரு கம்பமும் மேலே நீட்டிய ஒரு கட்டையும் நினைவுக்கு வரும். இடைக்கால இங்கிலாந்தில் இரண்டு கம்பங்களை நட்டு மேலே குறுக்குக்கட்டை போடுவது வழக்கம். ஸ்டோன்ஹெஞ்சின் இரண்டு தூண்களையும் மேல்கல்லையும் பார்த்த அந்தக் காலத்து ஆளுக்கு அது நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

மூன்றும் வெவ்வேறு போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். கதவு கீலில் தொங்குகிறது, குற்றவாளி மரத்தில் தொங்குகிறான், கல் தூண்மேல் தொங்குகிறது. எந்தக் காட்சி பெயர் வைத்தவர்களின் மனதில் இருந்தது என்பதுதான் கேள்வி. கேள்விக்கு விடை எதுவானாலும் பெயர் சுட்டுவது மேலே கிடக்கும் உத்தரக்கற்களைத்தான். கீழே இருக்கும் பள்ளத்துக்கும் கரைக்கும் அந்தப் பெயரோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உத்தரக்கற்கள் பெயர் வைக்கத் தகுந்தவைதான். பெருந்தூண்கள் சராசரியாக 25 டன். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு குமிழைச் செதுக்கி, மேல்கல்லின் அடியில் அதற்கேற்ற குழியைக் குடைந்து, தச்சர் மரத்தில் செய்வதைக் கல்லில் செய்திருக்கிறார்கள். 56 என்று எண்ணிட்டிருக்கும் மிக உயரமான தூணின் துணைத் தூணும் மேல்கல்லும் விழுந்துவிட்டன. தனியாக நிற்கும் அதன் உச்சியில் அந்தக் குமிழ் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தரையிலிருந்தே பார்க்கலாம்.

வானத்திலிருந்து வந்த இரண்டாவது ஹெஞ்ச்

1925 வரை உலகில் ஹெஞ்ச் என்று முடியும் பெயர் ஒன்றே ஒன்றுதான். அந்த ஆண்டின் இறுதியில் கில்பர்ட் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி ஸ்டோன்ஹெஞ்சுக்கு மேலே பறந்தார். முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் என்ற வீரவிருது வாங்கியவர். ஸ்டோன்ஹெஞ்சுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, உழுத வயலில் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. அடுத்த கோடையில் மறுபடி பறந்தபோது அதே வயலில் கோதுமை. வட்டத்துக்குள் வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள்.

இது எப்படி என்றால், பழங்காலத்தில் குழி தோண்டித் தூண் நட்ட இடத்தில் பிற்பாடு மண் நிரம்பியிருக்கும். சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறையைவிட அந்த மண்ணில் ஈரம் அதிகம் தங்கும். அங்கே முளைக்கும் பயிர் மட்டும் செழிப்பாக, கூடுதல் பச்சையாக வளரும். வயலில் நின்றால் தெரியாது, வானத்திலிருந்து பார்த்தால் வரைபடம் போட்டது போலத் தெரியும்.

மாட் கன்னிங்டன், பென் கன்னிங்டன் தம்பதி 1926இல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள். ஆறு வளையங்களில் 168 தூண்குழிகள் கிடைத்தன. கல்லுக்குப் பதில் மரத்தால் ஆன ஒரு ஸ்டோன்ஹெஞ்ச் போல இருக்கிறதே என்று பாதி விளையாட்டாக 'வுட்ஹெஞ்ச்' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரே நிலைத்தும்விட்டது.

மொழியில் என்ன நடந்தது என்று இங்கே கவனிக்க வேண்டும். ஸ்டோன்ஹெஞ்ச் அதுவரை ஒரே பெயர். வுட்ஹெஞ்ச் வந்ததும் பெயர் நடுவில் விண்டு, 'ஹெஞ்ச்' தனியாகக் கழன்று வந்துவிட்டது. இது நமக்குப் புதிதில்லை. ஹாலிவுட் ஓர் இடத்தின் பெயர். ஹாலி ஒரு செடி, வுட் என்றால் காடு. அதைப் பார்த்துப் பம்பாய்க்கு பாலிவுட், கோடம்பாக்கத்துக்கு கோலிவுட். கோடம்பாக்கத்தில் காடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் 'வுட்' என்பதற்கு இப்போது சினிமாத்துறை என்று பொருள் வந்துவிட்டது. ஹெஞ்சுக்கும் அதே கதி. தொங்குதல் என்ற பொருள் உதிர்ந்துபோய், 'ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி ஒன்று' என்ற பொருள் ஏறிக்கொண்டது.

1932: சொல்லுக்கு வேலை கிடைக்கிறது

விளையாட்டுப் பெயரைத் துறைச் சொல்லாக்கியவர் தாமஸ் கெண்ட்ரிக். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர், பிற்பாடு அதன் இயக்குநரானார். கிறிஸ்டோஃபர் ஹாக்ஸுடன் சேர்ந்து 1932இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் அண்மையில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, வுட்ஹெஞ்ச் போன்றவற்றை ஒரே இனமாகப் பேச ஒரு பொதுச்சொல் தேவைப்பட்டது. 'ஹெஞ்ச்' கையருகே இருந்தது, எடுத்துக்கொண்டார்.

அப்புறம் வந்தவர்கள்தான் கறாரானவர்கள். ஒரே இனம் என்றால் பொது அம்சம் என்ன? கல் என்று சொல்ல முடியாது, வுட்ஹெஞ்ச் மரத்தூண்களால் ஆனது. மரம் என்றோ உத்தரம் என்றோ சொல்லவும் முடியாது. டார்பிஷயரின் ஆர்பர் லோ ஹெஞ்சில் கற்கள் உண்டு, ஆனால் ஏறக்குறைய எல்லாமே தரையில் படுத்துக் கிடக்கின்றன, தொங்குவதற்கு அங்கே வழியே இல்லை. மிஞ்சியது வட்டப் பள்ளமும் கரையும்தான். 1951இல் தொல்லியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன் வாசல்களை வைத்து வகை பிரித்தார்:

1. முதல் வகை: ஒரே வாசல்.
2. இரண்டாம் வகை: எதிரெதிரே இரண்டு வாசல்கள்.
3. மூன்றாம் வகை: நான்கு வாசல்கள். ஏவ்பரி இதில் சேரும்.

300 மீட்டருக்கு மேல் போகும் மிகப் பெரியவற்றை 'ஹெஞ்ச் அடைப்பு' என்று தனியாக வைத்தார்கள். வுட்ஹெஞ்சை ஒட்டியுள்ள, சுமார் 500 மீட்டர் குறுக்களவுள்ள டரிங்டன் வால்ஸ் அப்படிப்பட்டது.

விளிம்பில் நின்று தொல்லை தருபவையும் உண்டு. பென்ரித் ஊருக்கு அருகே மேபரா ஹெஞ்சில் கூழாங்கற்களைக் கொட்டிய பெரிய கரை இருக்கிறது, பள்ளம் கிடையாது. பெல்ஃபாஸ்ட் பக்கத்திலுள்ள ஜயன்ட்ஸ் ரிங் போன்ற அயர்லாந்து ஹெஞ்சுகளில் பள்ளம் வெட்டாமல், உட்புறத்து மண்ணைச் சுரண்டி வெளியே ஒதுக்கிக் கரை எழுப்பியிருக்கிறார்கள். இவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்று இன்னமும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பெயர் கொடுத்தவனே வரிசைக்கு வெளியே

சரி, இந்த இலக்கணத்தை ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பொருத்திப் பாருங்கள். பெருந்தூண்கள் வருவதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பே, கி.மு. 3000ஐ ஒட்டி, அங்கே சுமார் 110 மீட்டர் குறுக்களவில் பள்ளமும் கரையும் போட்டுவிட்டார்கள். வட்டம் சரி. வாசல் சரி. ஆனால் பெரிய கரை பள்ளத்துக்கு உள்ளே இருக்கிறது! வெளிப்பக்கம் சிறு கரை ஒன்று உண்டுதான், அது பேருக்குத்தான். ஹெஞ்சுக்கு இருக்க வேண்டிய வரிசை இங்கே மாறிக் கிடக்கிறது.

ஆக, ஸ்டோன்ஹெஞ்சின் பெயரில் உள்ள 'ஹெஞ்ச்' குறித்த உத்தரக்கற்கள் மற்ற எந்த ஹெஞ்சிலும் கிடையாது. மற்ற ஹெஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான பள்ளம்-கரை வரிசை ஸ்டோன்ஹெஞ்சில் கிடையாது.

இதைத் தொல்லியலாளர்கள் சமாளிக்கும் விதம், ஸ்டோன்ஹெஞ்சை 'முன்னோடி ஹெஞ்ச்' என்று தனியாக வைப்பது. கால வரிசைப்படி அதில் நியாயம் இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்சின் பள்ளம் பெரும்பாலான ஹெஞ்சுகளுக்கு முந்தியது, வடிவம் இன்னும் கெட்டிப்படாத காலத்தது. ஆனால் அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவில் ஸ்டென்னஸ் கற்களைச் சுற்றி ஹெஞ்ச் எழும்பிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெஞ்ச் கட்டும் வழக்கம் வடக்கே பிறந்து தெற்கே பரவியது என்ற கருத்து வலுத்து வருகிறது. பலிபீடக் கல்லும் வடக்கிலிருந்து வந்தது என்ற செய்தி பரபரப்பானதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

நாளிதழ் ஹெஞ்சுகள்

தொல்லியலாளர் சொல்லை இறுக்கிக்கொண்டே போக, செய்தித்தாள்கள் அவிழ்த்துவிட்டுக்கொண்டே போகின்றன.

1998இல் நார்ஃபோக் கடற்கரையில், ஹோம் என்ற ஊரருகே, அலை அரித்த மணலில் ஒரு மரவட்டம் வெளிப்பட்டது. பிளந்த ஓக் மரங்கள் 55, நடுவே வேர் மேல்நோக்க ஒரு பெரிய அடிமரம் தலைகீழாக. மரவளையங்களை எண்ணி, அவை கி.மு. 2049இல் வெட்டப்பட்டவை என்று கண்டார்கள். இவ்வளவு துல்லியமாகத் தேதி சொல்ல முடிவது அபூர்வம். பத்திரிகைகள் 'சீஹெஞ்ச்' என்றன. அங்கே பள்ளமும் இல்லை, கரையும் இல்லை.

2015இல் டரிங்டன் வால்ஸின் கரைக்கடியில் சுமார் 90 கற்கள் புதைந்திருப்பதாக ரேடார் காட்டியது. உடனே 'சூப்பர்ஹெஞ்ச்' என்று உலகெங்கும் தலைப்பு. அடுத்த ஆண்டு தோண்டிப் பார்த்தால் கல் இல்லை, மரத்தூண் நட்டுப் பிடுங்கிய குழிகளில் சுண்ணாம்புக் கட்டிகளை நிரப்பியிருந்தார்கள். தலைப்பு ஏமாற்றினாலும் டரிங்டன் வால்ஸ் பள்ளமும் கரையும் உள்ள அசல் ஹெஞ்ச்தான். கல் இருப்பதாக நினைத்ததால் கிடைத்த பட்டம், கல் இல்லாமலே அதற்குப் பொருந்தும்.

2018 கோடை வறட்சியில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை அருகே ட்ரோன் கேமராவில் சிக்கியது 'ட்ரோன்ஹெஞ்ச்'. இன்சால் கோதுமை வயலில் பார்த்த அதே பயிர் அடையாளம்தான். இங்கே ஹெஞ்ச் என்ற சொல்லில் நியாயம் உண்டு, அது அந்த வகை அடைப்பே.

'ஸ்பெயினின் ஸ்டோன்ஹெஞ்ச்' கதை வேறு. வால்டெகான்யாஸ் நீர்த்தேக்கம் வற்றும்போது தலைகாட்டும் குவாடல்பெரால் கற்கள், 2019இலும் 2022இலும் உலகச் செய்தியாயின. அது ஒரு கல்லறை, கற்களை நிறுத்தி மேலே பலகைக்கல் மூடும் கல்திட்டை வகை. ஹெஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு அப்பால் வெறும் வேடிக்கை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பழைய கார்களுக்குச் சாம்பல் நிறமடித்து 1987இல் நிறுத்தி வைத்த 'கார்ஹெஞ்ச்' இருக்கிறது. மே கடைசியிலும் ஜூலை நடுவிலும் நியூயார்க் தெருக்களின் நேர்கோட்டில் சூரியன் மறையும் காட்சிக்கு 'மன்ஹாட்டன்ஹெஞ்ச்' என்று பெயர், அதைப் பிரபலப்படுத்தியவர் வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன். கார்ஹெஞ்சில் கார்களுக்கு மேல் கார்கள் உத்தரமாகக் கிடப்பதால், சொல்லின் பழைய பொருளுக்கு அசல் ஹெஞ்சுகளைவிட அது நெருக்கம் என்று சொல்லலாம்.

தமிழில் எழுதும்போது

ஹெஞ்சைத் தமிழில் 'கல்வட்டம்' என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. அது இரண்டு விதத்தில் தவறு. ஒன்று, ஹெஞ்சில் கல் இருக்க வேண்டியதில்லை. இரண்டு, தமிழகத் தொல்லியலில் கல்வட்டம் என்பது ஏற்கெனவே வேறொரு பொருளில் புழங்கும் சொல்: இரும்புக்கால ஈமக்குழியையோ தாழியையோ சுற்றி வட்டமாக வைத்த கற்கள். அதற்கும் பிரிட்டனின் ஹெஞ்சுக்கும் காலத்திலும் நோக்கத்திலும் தொடர்பில்லை.

இந்தத் துறையில் பெயர்க்குழப்பம் ஐரோப்பியர்களுக்கும் புதிதில்லை. 'குரோம்லெக்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் மொழியில் வளைந்த பலகைக்கல் என்று பொருள். பழைய ஆங்கில நூல்களில் அது கல்திட்டையைக் குறிக்கும். அதே சொல் பிரெஞ்சுக்குப் போனதும் கல்வட்டமாகிவிட்டது. எந்த மொழி நூலைப் படிக்கிறோம் என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். அந்த விஷயத்தில் கல்திட்டை, கல்பதுக்கை, நெடுங்கல், கல்வட்டம் என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கும் தமிழ் தெளிவாகவே இருக்கிறது, அதைக் கலைப்பானேன்.

'அகழ்வட்டம்' என்று யாராவது சொல்லாக்கினால் பொருள் பொருந்தும். அதுவரை ஹெஞ்ச் என்றே எழுதிவிட்டு, அடைப்புக்குள் 'உட்பள்ளமும் வெளிக்கரையும் உள்ள வட்டம்' என்று ஒருமுறை விளக்கிவிடலாம். ஏவ்பரியைப் பற்றி எழுதும்போது 'ஹெஞ்சுக்குள் இருக்கும் கல்வட்டம்' என்றால் இரண்டு சொல்லும் அதனதன் வேலையைச் செய்யும். அங்கே பள்ளமும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது, நடுவில் வீடுகளோடு ஒரு கிராமமும் இருக்கிறது.